மேசைக்கு வராத எலும்பு

விரல் மவுஸின் மேல் இருக்கிறது. கேமரா இரண்டு முழம் தள்ளி, இரும்புத் தண்டில் முகம் கவிழ்ந்து தொங்கியபடி, கீழே கறுப்புத் துணியில் கிடக்கும் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அழுத்தியதும் எதுவும் நடப்பதில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் கேமராவுக்குள் கண்ணாடி ஏறி இறங்கும் ஓசை கேட்கிறது, பிறகு திரையில் படம் விழுகிறது. அந்த ஒரு மூச்சு நேரம் கொஞ்ச காலமாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. கேமராவைப் புருவத்தோடு அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி, விரல் நுனியில் பொத்தானின் பாதி அழுத்தத்தையும் முழு அழுத்தத்தையும் பிரித்தறியப் பழகியவனுக்கு இந்த இடைவெளியில் தன் பங்கு என்னவென்று பிடிபடுவதில்லை. படம் நன்றாகவே வருகிறது, கையில் எடுத்ததைவிடக் கூர்மையாகவே வருகிறது. உறுத்தல் படத்தின் தரத்தைப் பற்றியதல்ல. கல்லுக்கும் எனக்கும் நடுவே இன்னொரு அடுக்கு வந்து உட்கார்ந்துவிட்டதே, அந்த அடுக்கு எதைத் தருகிறது, எதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்பதைப் பற்றியது.

கேமராவைக் கணினியிலிருந்து இயக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அரியலூரில் என்ன வேலை என்று கேட்கலாம். கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு இது அநேகமாகத் தேவையில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் சிலர் கேமராவை நேரே கணினியில் இணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தேவைப்படுவது கல்லைப் படம் எடுப்பவர்களுக்கு. இந்த ஊரைச் சுற்றி மண்ணில் சிப்பியும் நத்தையும் கிடைக்காத திசை குறைவு. அவற்றைச் சேர்த்து வைக்கிற ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள், வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. நான் உதவிக்குப் போன இடத்தில் பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதற்குப் பக்கத்தில் யாரோ கல்யாண வேலைக்கு வாங்கி விற்ற கேனான் ஒன்று. கேனானுக்கு ஈஓஎஸ் யுட்டிலிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. நிக்கான் நெடுங்காலம் இதைத் தனி விலைக்கு விற்றுவிட்டுப் பிறகுதான் என்எக்ஸ் டெதரை இலவசமாகத் தந்தது. விண்டோஸில் டிஜிகேம்கன்ட்ரோல், லினக்ஸில் ஜிஃபோட்டோ என்று பொதுவில் கிடைப்பவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே நெறிமுறைதான். கேமராவிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றுவதற்காக வகுத்த பிடிபி அது, ஐஎஸ்ஓ 15740 என்று எண்ணிட்டது. படத்தைக் கொடு என்று கேட்கிற அந்த மொழிக்குள்ளேயே படத்தை எடு என்று ஏவுகிற சொல்லும் இருக்கிறது. இன்ஸ்டால் செய்வது கடினமில்லை, கடினமெல்லாம் சில்லறை விஷயங்களில். செல்போனுக்கு வாங்கிய சில கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. அதைச் செருகிவிட்டு மென்பொருள் கேமராவைக் காணவில்லை என்கிறதே என்று திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். கேமரா தானாக அணைகிற நேரத்தை மெனுவில் நிறுத்தாவிட்டால் வெளிச்சம் சரிசெய்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். லினக்ஸில் வேறொரு சங்கடம்: கேபிளைச் செருகியதும் டெஸ்க்டாப் தானே முந்திக்கொண்டு கேமராவைப் பென்டிரைவ்போலத் திறந்துவிடும். ஒருவர் பிடித்திருக்கும்போது இன்னொருவர் பிடிக்க முடியாது. அதை முதலில் விடுவித்தால்தான் ஜிஃபோட்டோ கேமராவைத் தன் கையில் எடுக்கும். எடுத்த படம் கணினியில் மட்டும் விழ வேண்டுமா, கேமராவின் கார்டிலும் இருக்க வேண்டுமா என்று ஒரு தேர்வு வரும். மின்சாரம் போய்ப்போய் வருகிற ஊரில் இரண்டிலும் என்று குறிப்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கென்றால், விரல் நடுங்கும் என்பதற்காக. கட்டைவிரல் நகமளவு அம்மோனைட்டைக் கிட்டத்தட்ட அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழ வைக்கும்போது பொத்தானைத் தொடுகிற அதிர்வே விலாவரிகளைக் கரைத்துவிடும். அதோடு, அத்தனை நெருக்கத்தில் லென்ஸின் கூர்மை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் நிற்பதில்லை. ஓட்டின் மேடு தெளிவாக இருந்தால் சுருளின் நடுக்குழி மங்கும். அதனால் மென்பொருள் ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்தி ஒரே கல்லைப் பல முறை எடுக்கிறது, பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவான துண்டை மட்டும் பொறுக்கி ஒரே படமாக அடுக்குகிறது. முடிவில் வருகிற படத்தில் எல்லாம் தெளிவு. எந்தக் கண்ணும் எந்த நொடியிலும் அந்தக் கல்லை அப்படிப் பார்த்ததில்லை. இது மெய்யா என்ற கேள்வியோடு பல நாள் இருந்திருக்கிறேன். கண்ணும் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லையே, மேட்டிலிருந்து குழிக்கு, குழியிலிருந்து விளிம்புக்கு ஓடி ஓடித்தானே சேர்க்கிறது என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கண் ஓடுகிற நேரத்தில் கல் கையில் புரண்டுகொண்டிருக்கும், அதன் எடையும் சில்லிப்பும் விரலுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது தழும்பு ஒன்று பள்ளத்தாக்காகத் தெரிகிறது, அடுத்த நொடி அது கல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்றே மறந்துபோகிறது. மேசையைத் திரும்பிப் பார்த்தால்தான் நினைவு வரும். மாணவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, திரை அவ்வளவு வசீகரமாக இருக்கிறது.

கை விலகியதும் கைவேலையும் போய்விட்டதென்று நினைப்பது தவறு என்பது வெளிச்சம் அமைக்கும்போது தெரியும். தொல்லுயிர்ப் படங்களில் விளக்கை இடப்பக்கம் மேலிருந்து வைப்பது வழக்கம். வலக் கீழிலிருந்து ஒளி விழுந்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டு தெரியும், ஒளி மேலிருந்து வரும் என்று நம் மூளை பிடிவாதமாக நம்புவதால். அடுத்தது நிறம். கல்லில் ஊறிய செந்துருவும் கருந்திட்டும் வடிவத்தைக் குழப்பும், ஆகவே நவச்சாரத்தைச் சூடாக்கி அதன் வெண்புகையைக் கல்லின் மேல் மெல்லிய படலமாகப் படியவிடுவார்கள். ஈயம் பூசுகிறவர்கள் செம்புப் பாத்திரத்தில் தூவித் தேய்க்கிறார்களே, அதே நவச்சாரம்தான். அந்த நெடி மூக்கின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். படம் எடுத்து முடித்ததும் கழுவிவிட வேண்டும், சுண்ணாம்புச் சிப்பியில் ஈரத்தோடு அதை விட்டுவைப்பது நல்லதல்ல. இப்படி வெளுத்து, இடப்பக்க ஒளியில் நிறுத்தி, அடுக்கி ஒட்டிய ஒன்றைத்தான் அரியலூர் நத்தையின் புகைப்படம் என்கிறோம். 1840களில் கேயும் கன்லிஃபும் இங்கே பொறுக்கிய சிப்பிகள் லண்டன் போய், எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை எழுத்தில் வருணித்தபோது இத்தகைய நூல்களில் புகைப்படம் அச்சிடும் வழக்கம் இல்லை. பிறகு பிளான்ஃபோர்டும், அவரைத் தொடர்ந்து மொராவியாவில் பிறந்து புவியியல் ஆய்வுத் துறைக்கு வேலைக்கு வந்த ஃபெர்டினண்ட் ஸ்டோலிச்காவும் பேலியண்டாலஜியா இண்டிகாவில் தென்னிந்தியக் கிரெட்டேசிய உயிர்களை வகைப்படுத்தினார்கள், அந்த வேலை 1873 வரை நீண்டது. அடுத்த ஆண்டே யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் ஸ்டோலிச்கா இறந்துபோனார். அவருடைய நூல்களின் படத்தாள்கள் கல்லச்சில் வரைந்தவை. ஒரு சிப்பியின் விலா எங்கே கிளை பிரிகிறது என்பதை ஓவியர் ஒருவர் கண்டு, தீர்மானித்து, கோடாக இட்டிருக்கிறார். அந்தக் கோட்டுக்கு ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். பிளாசன்டிசெராஸ் தமுலிக்கம் என்று நம் மொழியின் பெயரைச் சுமக்கும் அம்மோனைட்டுகூட இந்தப் பாறைகளிலிருந்து போனதுதான். அந்நாளைய வகைமாதிரிகள் பல கொல்கத்தாவில் இருக்கின்றன. அரியலூரில் இருப்பவன் அரியலூர்ச் சிப்பியைச் சரிபார்க்க அந்தப் படத்தாளைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. ஆகவே படம் இரண்டாம்பட்சம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இந்த ஊரின் கற்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் படமே ஊராக இருந்திருக்கிறது.

உறுத்தல் வேறிடத்தில் இருக்கிறது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையைச் சுரங்க வெட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சிப்பிகளைத் தாங்கிய பாறையல்ல, பல இடங்களில் சிப்பிகளே பாறை. உள்ளங்கைத் தடிமனான கிரிஃபேயா என்ற சிப்பியின் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த அடுக்கிலேயே நிற்கின்றன. கலியுக வரதராசப் பெருமாள் கோவிலுக்குப் போகிற சாலையில் லாரிகள் ஏற்றிச் செல்வது அதைத்தான். அது அரைபட்டு 1450 டிகிரிச் சூளையில் கிளிங்கராகி, அதற்குள்ளிருந்த கரியமில வாயு காற்றில் கலந்து, மீதி மூட்டையில் ஏறுகிறது. நாங்கள் கேமராவை நிறுத்தியிருக்கும் தரையிலும் அதே சிப்பிகள் பூசப்பட்டிருக்கக்கூடும். அரியலூரின் பிழைப்பு இதில் இருக்கிறது, அதை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. சுரங்கம் வெட்டியிராவிட்டால் அந்த அடுக்கே கண்ணுக்குத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அறைக்குள் வேலை செய்யும்போது நான் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு இருக்கிறது. ஒரு கல்லைப் பல கோணங்களில் எடுத்து முடித்து, கோப்புக்குப் பெயரிட்டதும், "சார், இது படம் எடுத்தாச்சு, இதை வெளியே வச்சிடலாமா?" என்பார்கள். இடம் குறைவு, அலமாரி நிறைந்துவிட்டது, கேள்வி நியாயமானது. அந்த நியாயத்தில்தான் எனக்குப் பயம். கையில் எடுத்த சுமாரான படத்தைப் பார்த்தால், கல் பத்திரமாக இருக்கட்டும், நாளைக்கு இன்னும் நன்றாக எடுக்கலாம் என்று தோன்றும். மென்பொருள் எடுத்துத் தருகிற குறையற்ற படமோ, இனிக் கல்லிடம் கேட்க எதுவுமில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது. உண்மையில் அந்தப் படத்தில் கல்லின் அடிப்பக்கம் இல்லை, உடைத்தால் தெரியும் உள்ளறைகள் இல்லை, ஓட்டின் வேதியியல் இல்லை, எந்த வெட்டின் எந்த அடுக்கிலிருந்து வந்ததென்று யாரும் எழுதாவிட்டால் அதுவும் இல்லை. கூர்மையை முழுமை என்று எடுத்துக்கொள்வது அவ்வளவு எளிதாக நடந்துவிடுகிறது.

இதே மாவட்டத்துக் கல்லமேட்டை நினைக்காமல் இதை நினைக்க முடியவில்லை. 1987இல் பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் அங்கே கிடைத்த எலும்புகளுக்கு புருஹத்காயோசாரஸ் மட்லேயி என்று பெயரிட்டார்கள். திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதிய சார்லஸ் மட்லேயின் நினைவாக வைத்த பெயர். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு துண்டு, முன்கால் எலும்பு, வாலின் முள்ளெலும்பு ஒன்று, கூடவே 2 மீட்டர் நீளக் கீழ்க்காலெலும்பு. அந்தக் கீழ்க்காலெலும்பின் அளவு மெய்யென்றால் பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் முன்னால் நிற்க வேண்டியது அது. முதலில் இறைச்சி தின்னும் இனமென்று எழுதினார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று வேறு ஆய்வாளர்கள் திருத்தினார்கள். எலும்பே அல்ல, கல்மரத் துண்டாக இருக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. சந்தேகப்பட்டவர்களிடம் எடுத்துக் காட்ட எலும்பு இல்லை. களிமண்ணில் கிடந்த அந்த எலும்புகள் நொறுங்கும் தன்மை கொண்டவை. மழையும் ஈரமும் சேர, சுற்றிக் கட்டிய பொதிவுக்குள்ளேயே உதிரத் தொடங்கி, ஆய்வுக்கூடத்துக்கு நல்லபடியாக வந்து சேரவில்லை. அவை இப்போது இல்லை என்று 2017இல் அச்சில் வந்தது. அதுவரை உலகம் பெரும்பாலும் பார்த்தது மூல அறிவிப்பிலிருந்த கோட்டோவியங்களைத்தான். 2022இல் அய்யாசாமி இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து களத்தில் எடுத்த பழைய புகைப்படங்களை வெளியிட்டார். அப்போதுதான் பலர், சரி, இது எலும்பாக இருக்கத்தான் வேண்டும் என்று திரும்பப் பேசத் தொடங்கினார்கள். பெயர் வைத்தவரே, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இல்லாமல்போன எலும்புக்குச் சாட்சியாகப் படங்களை எடுத்துக்கொண்டு வருகிறார். அந்த மனிதருக்குள் அத்தனை ஆண்டுகளாக என்ன இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

அந்தப் படங்கள் கையால் எடுத்தவை. ஃபிலிமில், வெயிலில், மண் சரிந்த குழிக்குள் குனிந்து எடுத்தவை. நவச்சாரமும் இல்லை, அடுக்கி ஒட்டவுமில்லை. நாங்கள் அறைக்குள் எடுக்கிற எந்தப் படத்தோடு வைத்தாலும் அவை தெளிவில் தோற்கும். ஆனால் இந்த மாவட்டத்தில் எடுத்த படங்களில் அவைதான் விலைமதிப்பற்றவை என்று நினைக்கிறேன். இங்கேதான் என் உறுத்தலின் முடிச்சு எனக்குக் கொஞ்சம் அவிழ்ந்தது. டெஸ்க்டாப்பிலிருந்து கேமராவை இயக்கும் மென்பொருள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பொருள் மேசைக்கு வரும் என்பது. வந்து, அசையாமல் கிடக்கும், மறுநாளும் அங்கேயே இருக்கும். அம்மோனைட் அப்படி வரும். சாத்தனூர்க் கல்மரம் வராது. எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் உலகுக்குச் சொன்ன அந்த 18 மீட்டர் மரம் கிடந்த இடத்திலேயே, வேலிக்குள், வெயிலும் மழையும் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. அது பொறுத்துக்கொள்ளும். கல்லமேட்டு எலும்பு வரவும் வராது, பொறுக்கவும் பொறுக்காது. நாம் எதைப் பழகினோமோ அதுவே எல்லாவற்றுக்கும் வழியென்று மனம் எண்ணிவிடுகிறது. இணைப்பும் திரையும் வெள்ளைப் புகையும்தான் படமெடுத்தல் என்று கற்றுக்கொண்ட ஒரு பையன், நாளைக்கு மழைநீர் அரித்த கரையில் ஓர் எலும்பு நுனியைக் கண்டால், கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சரியாக எடுக்கலாம் என்று தோண்டிவிடுவானோ என்பதுதான் நிஜமான அச்சம்.

கையில் எடுத்தாலே போதும் என்றும் இல்லை. 2020இல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று படங்கள் செல்போன் செல்போனாகப் பரவின. நேரில் போய்ப் பார்த்து, முட்டையல்ல, கடலடிப் படிவு திரண்ட உருண்டைகள் என்று விளங்கவைக்க வேண்டியிருந்தது. செல்போன் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எப்படிச் சொல்வார்? பக்கத்தில் அளவுகோல் இல்லை என்றால் தேங்காயளவும் தெரியாது, அண்டாவளவும் தெரியாது. கீழே என்ன மண், மேலே என்ன அடுக்கு, வடக்கு எந்தப் பக்கம் என எதுவும் தெரியாது. அறைக்குள் மென்பொருள் இந்த ஒழுங்கில் கொஞ்சத்தைத் தானே செய்துவிடுகிறது. நேரம், துளை, வேகம், கோப்பு எண் எல்லாம் கேட்காமலேயே பதிவாகின்றன. அளவுகோலை வைக்க மறந்தால் பெரிய திரை உடனே காட்டிக்கொடுக்கிறது. அந்த ஒழுங்கை மேசையோடு விட்டுவிடாமல் குழிக்குக் கொண்டுபோக முடிந்தால், நான் இத்தனை நாள் சந்தேகித்த அந்த ஒரு மூச்சு இடைவெளி வீண்போகாது. கேமராவுக்கும் விரலுக்கும் நடுவே அது கட்டாயமாகத் தந்த தயக்கத்தைக் களத்தில் நாமாகக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்: எடுக்குமுன் ஒரு முறை சுற்றிப் பார்ப்பது, கோலை வைப்பது, பெயர் எழுதிய சீட்டை ஓரத்தில் வைப்பது, எடுத்ததை அங்கேயே பெரிதாக்கிப் பார்ப்பது.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மென்பொருளை முதலில் காட்டுவதில்லை. முதலில் காரை என்ற ஊருக்குப் போகிறோம். அந்தச் செம்மண் ஓடைகளில் பெலெம்னைட் குச்சிகள் மழைக்குப் பின் தாமாகவே மேலே கிடக்கும். எதையும் எடுக்க வேண்டாம், கிடக்கிறபடியே செல்போனில் எடுங்கள் என்று சொல்கிறோம். அறையில் விளக்கை நகர்த்தலாம், அங்கே விளக்கு சூரியன். கல்லைத் திருப்பவும் அனுமதியில்லை என்பதால் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற நேரத்தைப் பிடிக்க வேண்டும். உச்சிவெயிலில் விலாவும் தெரியாது, வரியும் தெரியாது. அரியலூரிலிருந்து போகிறவர்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும், அதற்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் எடுத்த படங்களைத் தனியாக ஒரு கோப்புறையில் போடச் சொல்கிறோம், மறுநாள் காலை அதே இடத்தில் அதே குச்சியைத் தேடிப் பிடித்து மீண்டும் எடுப்பதற்காக.